கவுன்சிலர் தேர்தலில் நிற்க மனு எங்கே கொடுப்பது?

குளுகோர்_கணக்கு கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பினாங்கில் குளுகோர் பக்கம் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டியாச்சு, பாயான் லெபாஸில் ஒரு ஃபேக்டரியில் கணக்கு வேலை, பிள்ளைகள் இரண்டு பேரும் மேல்படிப்புக்குப் போய்விட்டார்கள், அதனால் சாயங்காலம் கையில் நேரம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொருளாளராக இருந்திருக்கிறேன். கணக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) இடித்தாலும் தூக்கம் வராத ரகம்.

விஷயம் இதுதான். எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கிற லோங்காங் (வடிகால்) பலத்த மழைக்கு நிரம்பி, தண்ணீர் கார் பார்க்கிங் வரை ஏறி வருகிறது. பிள்ளைகள் திடலில் ஊஞ்சல் சங்கிலி ஒரு பக்கம் அறுந்து, யாரோ அதைக் கம்பத்தில் சுற்றி ராஃபியா கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள், அப்படியே கிடக்கிறது. லிஃப்ட் கதை தனி. ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள், அங்கே போனால் மூன்றாவது. யாருடைய வேலை என்றே தெரியாமல் யாரைத் திட்டுவது?

போன லீவில் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தேன். சிவகங்கைப் பக்கம் என் பெரியப்பா மகள் 2022 நகர்ப்புறத் தேர்தலில் சுயேச்சையாக நின்று பேரூராட்சி வார்டு உறுப்பினர் ஆகிவிட்டாள். காலையில் பல் துலக்குவதற்குள் வாசலில் ஆள் நிற்கிறது, தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று. எனக்குப் பொறாமையாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். அவள் என்னைவிடக் குறைவாகப் படித்தவள், ஆனால் அந்த ஊரில் அவள் சொன்னால் விளக்கு எரிகிறது.

அதனால் கேட்கிறேன்: இங்கே கவுன்சிலர் தேர்தல் எப்போது வரும், மனு எங்கே கொடுப்பது, டெபாசிட் எவ்வளவு, கட்சியில் சேராமல் நிற்கலாமா? தேடிப் பார்த்தால் எல்லாம் சட்டமன்றத் தேர்தல் பற்றித்தான் வருகிறது. சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

ரோட்டி_பஞ்சிர்:

அக்கா, சிரிக்கவில்லை, சத்தியமாக. ஆனால் மனு கொடுக்க இடமே இல்லை. மலேசியாவில் ஊராட்சித் தேர்தலை, அதாவது நகராட்சி, மாநகர் மன்றத் தேர்தலை, 1965-இல் நிறுத்தினார்கள், இன்றைக்கு வரை நடத்தவில்லை. கவுன்சிலர்களை மாநில அரசாங்கம் நியமிக்கிறது, அவ்வளவுதான். எங்கள் அப்பாவே தன் வாழ்நாளில் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டதில்லை. டெபாசிட் காசைப் பத்திரமாக வையுங்கள், லிஃப்ட் ரிப்பேருக்கு உதவும்.

ஸ்காட்_ரோடு:

தம்பி சுருக்கமாகச் சொல்லிவிட்டார், நான் கொஞ்சம் நீட்டுகிறேன், வயதானவன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இந்தக் கதையில் நம்மவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், நம் பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது.

மலாயாவில் முதலில் ஓட்டுப் போட்ட ஊர் நம்முடைய பினாங்குதான். 1857-லேயே வரி கட்டுகிறவர்கள் நகராட்சி ஆணையர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள், அது 1913-இல் நின்றுபோனது. அப்புறம் 1951 டிசம்பரில் ஜோர்ஜ்டவுனில் மறுபடி தேர்தல், அடுத்த பிப்ரவரியில் கோலாலம்பூரில். கவனியுங்கள், நாட்டுக்கு முதல் பொதுத்தேர்தல் 1955-இல்தான். அதாவது நம் மக்கள் ஓட்டுப் போடப் பழகியதே லோங்காங்குக்கும் குப்பைக்கும் தெருவிளக்குக்கும்தான்.

1957 ஜனவரி 1-இல் ஜோர்ஜ்டவுன் மாநகர் ஆனது. அதன் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், தொழிற்கட்சிக்காரர். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள்தான் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள், ஆனால் அந்தக் கவுன்சிலர்கள் மக்கள் ஓட்டில் வந்தவர்கள். சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த ஊரில் ஒரு தமிழர் 1961 வரை மேயராக இருந்தார். மின்சாரம், பேருந்து எல்லாம் மாநகர் மன்றமே நடத்திய காலம் அது, இன்றைக்கு மாதிரி புல் வெட்டுகிற அதிகாரம் மட்டும் இல்லை. பழைய ஸ்காட் ரோடுதான் இன்றைக்கு ஜாலான் டி.எஸ். ராமநாதன். அந்த வழியாகப் போகிற கிராப் டிரைவரிடம் யார் இவர் என்று கேட்டுப் பாருங்கள்.

1965 மார்ச்சில் இந்தோனேசியாவுடன் கொன்ஃப்ரன்டாசி (மோதல்) நடந்துகொண்டிருந்தது, அதைக் காரணம் காட்டி அவசரகால விதியில் ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். அமைதி திரும்பியதும் நடத்துவோம் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் சொன்னார். அடுத்த வருஷமே கொன்ஃப்ரன்டாசி முடிந்தது, தேர்தல் வரவில்லை. இதற்கிடையில் ஊராட்சிகளை ஆராய ஓர் அரச விசாரணைக் குழு போட்டார்கள், அதற்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ம.இ.கா.வின் (மலேசிய இந்திய காங்கிரஸ்) பெரிய தலைவர்களில் ஒருவர், நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மாவின் கணவர். ஆளுங்கூட்டணியில் இருந்த மனிதர், அரசாங்கத்துக்குப் பிடித்த மாதிரி எழுதிக் கொடுத்திருக்கலாம். 1968-இல் அவர் குழு கொடுத்த அறிக்கை, தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றுதான் சொன்னது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-இல் ஊராட்சிச் சட்டம், சட்டம் 171, வந்தது. அதன் 15-ஆவது பிரிவு தேர்தல் விவகாரத்துக்கே முழுக்குப் போட்டுவிட்டது.

2008-இல் ஆட்சி மாறிய பிறகு பினாங்கு அரசாங்கம் முயற்சி செய்து பார்த்தது, 2012-இல் மாநிலச் சட்டம்கூட நிறைவேற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது, நாடாளுமன்றச் சட்டத்துக்கு முரணாக மாநிலம் தனியாக நடத்த முடியாது என்று. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிற விஷயம்தான், இருந்தும் பூட்டு கோலாலம்பூரில் இருக்கிறது.

தங்கச்சி கேட்டது மனு எங்கே என்று, நான் சரித்திரம் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் நடைமுறையைச் சொல்லட்டும்.

பழைய_பேட்ஜ்:

நான் ஒரு தவணை கவுன்சிலராக இருந்தவன். எந்த ஊராட்சி, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். நடைமுறையைச் சொல்கிறேன்.

சட்டம் 171, பிரிவு 10 படி ஓர் ஊராட்சிக்கு எட்டுக்குக் குறையாமல், இருபத்து நாலுக்கு மிகாமல் கவுன்சிலர்கள். ஒரு நியமனம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக்கூடாது, நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே கொடுத்துவிட்டுப் புதுப்பிப்பார்கள். யாரைப் போடலாம் என்றால், பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும், ஊராட்சி அனுபவமோ தொழில்துறையில் பெயரோ இருக்க வேண்டும், அல்லது தங்கள் சமூகத்தின் நலனை எடுத்துச் சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும். எழுத்தில் பார்த்தால் உங்களுக்கே எழுதினது போல இருக்கும். நிஜத்தில் ஆளும் கட்சிகளுக்குள் இத்தனை உனக்கு, இத்தனை எனக்கு என்று பங்கு பிரிப்பார்கள், ஒவ்வொரு கட்சியும் பெயர்ப் பட்டியல் கொடுக்கும், மாநில ஆட்சிக்குழு முடிவு செய்யும். பினாங்கில் 2008-க்குப் பிறகு அரசு சாரா அமைப்புகளிலிருந்தும் சிலரைப் போட்டார்கள், கட்சிக்காரர்கள் கேட்கத் தயங்குகிற கேள்விகளைக் கேட்டவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்த வழியைத் திறப்பதும் மூடுவதும் மேலே இருப்பவர்கள் கையில்.

ஆக, கட்சியில் சேராமல் கவுன்சிலர் ஆவது ஏறக்குறைய நடக்காது. சேர்ந்தாலும் கிளைக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டு, பேனர் கட்டி, இடைத்தேர்தலுக்கு வீடு வீடாக ஏறி இறங்கி, சில வருஷம் கழித்துப் பெயர் போகலாம். போகாமலும் இருக்கலாம். உங்களைவிட உழைக்காதவர் பெயர் போகும், அதையும் பார்க்க வேண்டி வரும்.

சரி, கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்கு வாட்சாப்பில் ஒரு படம் வரும்: தோங் (குப்பைத் தொட்டி) பக்கத்தில் யாரோ வீசிய இரட்டைக் கட்டில் மெத்தை, மழையில் ஊறிப்போய். கீழே ஒரே வரி, "கவுன்சிலர், இது என்ன?" இரவு பதினொன்றுக்கு அதே மெத்தையின் படம் வேறொருவரிடமிருந்து. இடையில் அலுவலகக் கூட்டம், உரிமக் குழு, கட்டடத் திட்டக் குழு, துணைக்குழு. மாதம் ஒருமுறை முழு மன்றக் கூட்டம். தனியாகச் செலவு செய்ய கவுன்சிலர் கையில் பெட்டி ஒன்றும் இல்லை, படிக்காசு இருக்கிறது, அது பெட்ரோலுக்கும் கல்யாண மொய்க்கும் போகும். அதிகாரிகளிடம் எழுதிக் கேட்கலாம், தொந்தரவு செய்யலாம், மன்றத்தில் எழுந்து பேசலாம், பேசியது பதிவாகும். அந்தப் பதிவுதான் கவுன்சிலரின் உண்மையான ஆயுதம். நிறையப் பேர் அதைப் பயன்படுத்தாமலே தவணையை முடித்துக்கொண்டு போகிறார்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. முழு மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். பிரிவு 23, மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் ஒழியக் கூட்டம் திறந்த கூட்டம்தான். துணைக்குழுக்கள் அப்படி இல்லை. நான் இருந்த காலத்தில் பின்வரிசை நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. ஒரே ஒரு முறை ஒரு தாமானிலிருந்து (குடியிருப்புப் பகுதி) பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் பெண்கள், வந்து சும்மா உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் முடியாது. அன்றைக்கு அவர்கள் தாமான் பற்றிய பதிலை வாசித்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இரண்டு வாரத்தில்" என்று தாளில் இல்லாததைச் சொன்னார். செய்தார்கள்.

செந்தூல்_லிஃப்ட்:

பினாங்குக்காரர்கள் புலம்புகிறீர்கள், எங்கள் கோலாலம்பூர்க் கதையைக் கேளுங்கள். உங்களுக்காவது நியமிக்கப்பட்ட கவுன்சிலர் இருக்கிறார், திட்டுவதற்கு ஒரு முகம். இங்கே கவுன்சிலரே கிடையாது. 1961-இலிருந்தே தேர்ந்தெடுத்த மன்றம் போய், நியமிக்கப்பட்ட ஆணையர் வந்துவிட்டார், 1972-இல் மாநகர் ஆனதும் டத்தோ பண்டார், அதாவது மேயர். அவரும் நியமனம். கூட ஓர் ஆலோசனைக் குழு. மாநிலம் இல்லாததால் சட்டமன்றமும் இல்லை. பொதுத்தேர்தலில் எங்களுக்கு ஒரே ஒரு வாக்குச்சீட்டு, நாடாளுமன்றத்துக்கு மட்டும். அதனால் எங்கள் எம்.பி.யிடம்தான் எல்லாரும் லோங்காங் பற்றிக் கேட்கிறார்கள், அவர் பாவம் நாடாளுமன்றத்தில் பட்ஜெட் பேசிவிட்டு வந்து எலித்தொல்லைக்குப் பதில் சொல்கிறார். மேயர் தேர்தல் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழும், அப்புறம் இனப் பிரச்சினையாகத் திரும்பும், அடங்கிவிடும்.

அக்காவுக்கு நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் சிக்கலில் பாதி கவுன்சிலர் வேலையே இல்லை. லிஃப்ட் உங்கள் கட்டடத்து மேலாண்மைக் குழுவின் பொறுப்பு. ஸ்திராத்தா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டம் 2013, சட்டம் 757, படித்துப் பாருங்கள். தனிப் பட்டா வராத கட்டடம் என்றால் ஜே.எம்.பி. என்கிற கூட்டு மேலாண்மை அமைப்பு, பட்டா வந்து முதல் கூட்டம் நடந்திருந்தால் எம்.சி. என்கிற மேலாண்மைக் கழகம். இரண்டிலும் குழு உறுப்பினர்களை வீட்டுக்காரர்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், மூன்றிலிருந்து பதினான்கு பேர் வரை. கட்சி வேண்டாம், டெபாசிட் வேண்டாம். நீங்கள் தேடுகிற தேர்தல் உங்கள் கார் பார்க்கிங்கிலேயே வருஷா வருஷம் நடக்கிறது, உங்களுக்கு நோட்டீஸ் வந்து லெட்டர் பாக்ஸில் பீட்சா விளம்பரத்தோடு கிடந்திருக்கும்.

எங்கள் கட்டடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்டுக்கூட்டம் ஞாயிறு காலை பத்துக்கு, கீழ்த்தள மண்டபத்தில், பிளாஸ்டிக் நாற்காலி, ஓரமாக மீ ஹூன், தேத்தாரேக். ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வர மாட்டார்கள். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, வந்தவர்களே கோரம் என்று சட்டப்படி ஆரம்பித்துவிடலாம். அந்த அரை மணி நேரத்தில்தான் எல்லாம் முடிவாகிறது. பழைய குழுத் தலைவர் தனக்கு வேண்டிய இருபது பேரை முன்வரிசையில் உட்கார வைத்திருப்பார், மற்றவர்கள் பாசாருக்குப் போயிருப்பார்கள். நாங்கள் அடுத்த வருஷம் மாடி மாடியாகப் போய் ஆளைத் திரட்டினோம், என் மாடியை என் மாமியார் பார்த்துக்கொண்டார், அவருக்கு மலாய், ஹொக்கியன் இரண்டிலும் சண்டை போட வரும். குழு மாறியது. லிஃப்ட் ஒப்பந்தக்காரரும் மாறினார்.

ஒரு எச்சரிக்கை. பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் ஓட்டு இல்லை, கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே கட்டி முடித்திருக்க வேண்டும். எங்கள் ஆதரவாளர்களில் நிறையப் பேர் வாசலில் பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டார்கள். அன்றைக்கு ஏற்பட்ட சத்தம் செந்தூல் ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும்.

சந்தேகப்_பிராணி:

எல்லாரும் தேர்தல் வந்தால் சொர்க்கம் வரும் என்பது போலப் பேசுகிறீர்கள். நான் ஒரு கசப்பான கேள்வி கேட்கிறேன். இப்போது நியமனத்தில் ஒவ்வொரு ஊராட்சியிலும் இந்தியர்களுக்கு இத்தனை இடம் என்று கட்சிகள் ஏதோ ஒதுக்குகின்றன. நாளைக்கே தேர்தல் வந்து, வட்டாரம் வட்டாரமாகப் பிரித்தால், எந்த வட்டாரத்தில் நாம் பெரும்பான்மை? ரப்பர் தோட்டம் போய் எல்லாரும் சிதறியாச்சு, இந்தத் தாமானில் நாலு குடும்பம், அந்த பிளாட்டில் ஒரு மாடி. ஒதுக்குகிற ஐந்தாறு இடமும் போய்விடும். கோயில் கமிட்டித் தேர்தலிலேயே நாம் போலீஸ் ரிப்போர்ட் வரை போகிறோம், இதில் ஊராட்சித் தேர்தல் வேறு.

ஸ்காட்_ரோடு:

சந்தேகப்பிராணி, உங்கள் கேள்வி நியாயம், நக்கலை மட்டும் எடுத்துவிட்டால். ஆனால் ராமநாதன் தமிழர் ஓட்டில் மட்டும் மேயர் ஆகவில்லை, ஆகியிருக்கவும் முடியாது. கட்சியும் தொழிற்சங்கமும் இனம் தாண்டி ஆள் சேர்த்த காலம். ஒதுக்கீட்டில் வருகிற கவுன்சிலர் நன்றிக்கடன் படுவது பட்டியல் போட்டவருக்கு, ஓட்டில் வருகிறவர் ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் மீன் விற்கிற ஆச்சோவுக்கும் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் இன்றைய நிலைமையில் நம்மவர் எத்தனை பேர் ஜெயிப்பார்கள் என்று கேட்டால், நானும் தலையைத்தான் சொறிகிறேன். ஒரு பகுதி இடங்களைத் தேர்தலுக்கும் ஒரு பகுதியை நியமனத்துக்கும் விடலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1951-இல் ஜோர்ஜ்டவுனில் அப்படித்தான் இருந்தது, பதினைந்தில் ஒன்பது பேர்தான் ஓட்டில் வந்தவர்கள். முழுவதும் தேர்தல் ஆனது பிறகுதான்.

கோயில் கமிட்டி விஷயத்தில் நான் வாய் திறக்கவில்லை, நானும் ஒரு கமிட்டியில் இருக்கிறேன்.

ரோட்டி_பஞ்சிர்:

ஐயா வாய் திறக்காத ஒரே விஷயம் இதுதான் போல.

குளுகோர்_கணக்கு:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. ராமநாதன் ரோடு வழியாகத்தான் நான் என் மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போவேன், இத்தனை வருஷம் அது யாரோ ஒரு டாக்டர் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இப்போது கோபம்தான் வருகிறது, ஆனால் தெளிவாக வருகிறது. எங்கள் கட்டடத்தில் எம்.சி. இருக்கிறதாம், அண்டை வீட்டுக்காரரைக் கேட்டேன், செயலாளர் பெயர் மட்டும் அவருக்குத் தெரியும். கட்டணம் நான் பாக்கி வைத்ததில்லை. லிஃப்ட் மாற்றக் காசு இல்லை என்று நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். லோங்காங் யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. பழைய பேட்ஜ் அண்ணே, நீங்கள் சொல்ல முடியுமா? அப்புறம் குழுவில் நின்றால் பொருளாளர் பதவி கேட்கலாமா, அல்லது முதலில் சும்மா உறுப்பினராகப் போவது நல்லதா?

பழைய_பேட்ஜ்:

லோங்காங்குக்கு முதலில் அது எங்கே ஓடுகிறது என்று நடந்து பாருங்கள், நிஜமாகவே காலால். உங்கள் வேலிக்குள் இருக்கிற வரை எம்.சி. பொறுப்பு. வேலிக்கு வெளியே தாமான் சாலையோரம் ஊராட்சி. கூட்டரசுச் சாலையோரம் என்றால் பொதுப்பணி இலாகா. பெரிய கான்கிரீட் கால்வாயில் போய் விழுகிற இடத்திலிருந்து வடிகால், நீர்ப்பாசன இலாகா. தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே அடைப்பு இருக்காது, அதற்குக் கீழே எங்கோ இருக்கும், அதனால்தான் ஆளுக்கு ஆள் கை காட்டுகிறார்கள். நாற்றம் அடித்தால் அது மழைத்தண்ணீரே இல்லை, கழிவுநீர்க் குழாய், அதற்கு இண்டா வாட்டர் நிறுவனம். குப்பை விஷயம் பினாங்கில் ஊராட்சி கையில், கோலாலம்பூர் மாதிரி தனி நிறுவனத்துக்குப் போகவில்லை, அதனால் லோங்காங்கில் குப்பை என்றால் அங்கேயே கேட்கலாம். அடைப்பு இருக்கிற இடத்தில் நின்று, பின்னால் தெரு பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி படம் எடுத்து, மழை பெய்த தேதியும் நேரமும் போட்டுக் கடிதம் எழுதுங்கள். வாட்சாப் போதாது. கடிதத்துக்குக் கோப்பு எண் வரும், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துக்குப் போங்கள்.

லிஃப்டுக்குக் காசு இல்லை என்பது பாதி உண்மை. மலிவு விலை, நடுத்தர மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் பினாங்கு மாநில அரசாங்கத்தின் 80 விழுக்காட்டுப் பராமரிப்பு நிதி இருக்கிறது. லிஃப்ட், கூரை, தண்ணீர்த் தொட்டி மாதிரிப் பெரிய வேலைகளுக்கு அரசாங்கம் 80 வரை கொடுக்கும், மீதி குடியிருப்பாளர்கள் போட வேண்டும். அந்த 20-ஐச் சேர்க்க முடியாமல்தான் பல புளோக்குகள் நிற்கின்றன. உங்கள் கட்டடம் அந்த வகையில் வருமா என்று முதலில் கேளுங்கள். விண்ணப்பம் போட்டார்களா, எப்போது, என்ன பதில் என்று எம்.சி.யிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் தராவிட்டால் ஊராட்சியிலேயே கட்டட ஆணையர் பிரிவு இருக்கிறது, சி.ஓ.பி. என்பார்கள், அங்கே புகார்.

பொருளாளர் விஷயம்: நேரே கேளுங்கள். கணக்குத் தெரிந்த ஆள் தானாக வந்து பொருளாளர் ஆகிறேன் என்றால் எந்தக் குழுவும் வேண்டாம் என்று சொல்லாது. சொன்னால், ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பதுதான் உங்கள் முதல் வேலை.

செந்தூல்_லிஃப்ட்:

அண்ணே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். குழுவுக்குள் போனபின் கட்டடத்துக்கு வெளியேயும் கண் வையுங்கள். பக்கத்து நிலத்தில் மாடிக் கட்டடம் வருகிறது என்றால் அதுவும் உங்கள் லோங்காங்தான். உங்கள் பினாங்கில் நகர, கிராமத் திட்டச் சட்டம், சட்டம் 172 படி, உள்ளூர்த் திட்டம் கெஜட் ஆகாத இடங்களில் பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் வரும், 21 நாளுக்குள் ஆட்சேபம் தரலாம். எம்.சி. பெயருக்கு வந்த நோட்டீஸ் டிராயரில் தூங்கினால் அந்த 21 நாள் போய்விடும். எங்கள் ஊரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் ரிம்பா கியாரா பூங்காவுக்காக வழக்குப் போட்டு, 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போய், மேம்பாட்டு அனுமதியை ரத்துச் செய்ய வைத்தார்கள். வருஷக்கணக்கில் இழுத்த வழக்கு, கவுன்சிலரே இல்லாத ஊரில். ஸ்காட் ரோடு ஐயாவுக்கு ஒரு செய்தி, அதே தாமானில்தான் ஜாலான் ஆதிநாகப்பன் இருக்கிறது.

ஸ்காட்_ரோடு:

அடடே, தெரியாமல் போச்சே. அடுத்த முறை மகள் வீட்டுக்கு வரும்போது போய்ப் பார்க்கிறேன்.

சந்தேகப்_பிராணி:

அக்கா, உங்கள் ஆண்டுக்கூட்டம் எப்போது? நோட்டீஸ் 14 நாளுக்கு முன்பே வர வேண்டும், கடந்த வருஷ நோட்டீஸ் தேதியைப் பாருங்கள், ஏறக்குறைய அதே மாதத்தில்தான் வரும், ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததுக்கும் 15 மாதத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. நானும் அதே குளுகோர் பக்கம்தான், எங்கள் பிளாட்டிலும் இதே கூத்து. பட்டியல் பார்த்து யார் யாருக்குப் பாக்கி என்று முன்கூட்டியே கேட்டு வைத்துவிடுங்கள், நம்மவர்கள் கடைசி நாளில்தான் கட்டுவார்கள்.

குளுகோர்_கணக்கு:

ஜூன் மாதமாம். இப்போதே நோட்டீஸ் பலகையைப் படம் எடுத்தாச்சு. பாக்கிப் பட்டியலை அலுவலகத்தில் கேட்டேன், குமாஸ்தா "எதுக்கு அக்கா?" என்று கேட்டார். கணக்குப் பார்க்கத்தான் என்றேன்.